எனக்கு வந்த ஊசியை வாங்கிக்கொண்டவர்

எனக்குப் போட வேண்டிய இன்சுலின் ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரர் போட்டுக்கொண்டார். அவர் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் காலை முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலைப் பற்றியும் நடுநடுவே வரும். சொந்தக் கால் என்பதால் ஒரேயடியாக விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் கால் தப்பிவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கவலைப்பட வேண்டியது அந்தக் கட்டில்காரர் மாரிமுத்து அண்ணனுக்காக. இதை எழுதும் இன்றுவரை அந்தக் கவலை தீரவில்லை.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிராணி. அதாவது ஆபீஸ் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்த பிறகு என் வேலைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்தார்கள், சம்பளத்தை நீட்டவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் நான் இன்னும் கிராணிதான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புத்தகம் படிக்கிறவன். படிக்கிறவர்களுக்கு உலகத்தில் உள்ள நோயெல்லாம் தங்களுக்கு இருப்பதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது, உண்மையில் இருந்த நோய் ஒன்றைத் தவிர.

மழைக்காலத்துக்கென்று புதிதாக வாங்கிய ரப்பர் பூட்ஸ் வலது காலின் சுண்டுவிரல் பக்கம் கடித்துவிட்டது. கொப்புளம் உடைந்து புண்ணானது. வலிக்கவில்லை. வலியைத் தாங்கும் சக்தி எனக்கு அதிகம் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். சர்க்கரை ஏறி நரம்பு மரத்துப்போனவர்களுக்கும் அப்படித்தான் வலிக்காது என்று பிறகு டாக்டர் சொன்னபோது அந்தப் பெருமை போய்விட்டது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

முதலில் கண்டுபிடித்தது டாக்டரல்ல, என் மனைவி சரோஜா. மூக்கால் கண்டுபிடித்தாள். அலமாரிக்குக் கீழே எலி செத்துக் கிடக்கிறதென்று வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியவள், கடைசியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்து நின்றாள். அன்று சாயங்காலமே குளிர்க்காய்ச்சல் கண்டு பல் கிட்டித்தது. மலையிலுள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதற்கு மலையிறங்கி டவுனுக்குப் போக வேண்டும் என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். எந்த டவுன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர்கள் வேலை செய்கிற இடம். அங்கே ஒரு தப்பு நடந்ததற்காகப் பெயரைச் சொல்லி அவமானப்படுத்த எனக்கு மனமில்லை.

அவசரப் பிரிவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் கால். சரோஜா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு சீனப் பெண் டாக்டர் வந்தார். என் மகளைவிடச் சின்னவராக இருப்பார். செல்லுலைடிஸ் என்றார். தோலுக்கு அடியிலுள்ள சதையில் கிருமி புகுந்து, ஈரச் சுவரில் பூஞ்சை ஏறுவது போல மேலே பரவிக்கொண்டு போவது. பிறகு சட்டைப் பையிலிருந்து நீல மார்க்கர் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை என் முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆபரேஷன் டாக்டருடன் பேச வேண்டியிருக்கும் என்றார். பேசுவது என்ற சாதாரணச் சொல் அவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் முதல் வேலை, போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்ப்பது. சில நாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளேயே நிற்கும். ஒருநாள் தாண்டிவிட்டது போலிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தாண்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் மறுபடியும் தாண்டியது. அன்றைக்கு வந்த இட்லியை நான் தொடவில்லை.

வார்டில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் வெயில். குளிரிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு, கீழே இறங்கினால் மெழுகுவர்த்தி மாதிரி உருகிவிடும். என் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குக் காற்றே வராது. அந்தக் கட்டிலில் இருந்தவர்தான் மாரிமுத்து அண்ணன். எங்கள் மலையிலேயே கம்போங் ராஜா பக்கத்து ஆள். முன்பு தேயிலைக்கு மருந்தடித்தவர், பிறகு காய்கறித் தோட்டத்தில் வேலை. மனைவி இல்லை, ஒரே மகள், கோலா தெர்லாவில் காய்கறி பெட்டி கட்டும் இடத்தில் வேலை செய்கிறாள், லீவு கிடைத்தால்தான் வர முடியும். அவருக்கு வயிற்று வலி. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிற்று. வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்பதற்கு அது அடையாளமாம். உடம்பும் பாதியாக இளைத்துவிட்டது. நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்க்க வேண்டும், கட்டி கிட்டி இருந்தால் சீக்கிரம் தெரிவது நல்லது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழாய்க்காகத்தான் அவர் முறை பார்த்துக் காத்திருந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம். யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்பார். வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டால் ஆமாம். இப்போது பரவாயில்லையா என்றாலும் ஆமாம். டாக்டர் குழம்பிப்போய் என்னைப் பார்ப்பார். நான் மொழிபெயர்ப்பேன், தெரியாததையும் சேர்த்து. ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, ஒரு நாளைக்காவது இல்லைன்னு சொல்லிப் பாருங்களேன்.”

“சொல்லலாம் கிராணி. எதுக்கு?” என்றார்.

அந்த வார்டில் நர்சுகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருந்தது. ரப்பர் சட்டை போட்ட தடித்த கைப்பேசி மாதிரி. தலைப்பக்கம் சிவப்பு வெளிச்சம் வரும். நம் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் உண்டு. மருந்து கொடுக்குமுன் அந்த வெளிச்சத்தை முதலில் பட்டையில் காட்டுவார்கள், பிறகு மருந்துப் பாக்கெட்டில். வயர் இல்லாமலேயே அது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொள்ளும்: இந்த ஆளுக்கு இந்த மருந்துதானா, இந்த அளவுதானா, இந்த வேளைக்குத்தானா? சரியென்றால் சின்னதாக ஒரு சத்தம், பச்சை. தப்பென்றால் திரை சிவந்து நீளமாக ஊளையிடும். சோதனைக்காக முதலில் எங்கள் வார்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. தூக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பும்போதெல்லாம், நான் என்ன கடைச் சாமானா என்று எரிச்சல் வரும்.

எங்கள் பக்கத்தை அதிகம் பார்த்துக்கொண்டவர் ரோஸ்லின் மிஸ்ஸி. மலையில் நர்சுகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். திரிங்காப்பில் பூந்தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். காலையில் பார்த்த என்னை மத்தியானமும் சோதிக்க வேண்டுமா என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

“எனக்கு உங்களைத் தெரியும் அங்கிள். இதுக்குத் தெரியாதுலா,” என்றார் கருவியைக் காட்டி. “இது யாரையும் நம்பாது, என்னையும் சேர்த்து. அதுக்குத்தான் இதைக் கையிலயே வச்சிருக்கோம்.”

எங்கள் மூலைக்கு மட்டும் ஒரு சாபம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எக்ஸ்ரே அறை. கதிர் வெளியே வராதபடி ஈயத் தகடு வைத்துக் கட்டிய சுவர். அதற்குக் கதிரென்றும் கருவியின் அலையென்றும் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது. எங்கள் கட்டிலுக்கு வந்ததும் கருவி திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டுவிட்டுப் பேசாமல் நின்றுவிடும். எனக்கு இது புதிதல்ல. எங்கள் எஸ்டேட்டில் போன் லைன் கிடைக்க ஒரு பாறை உண்டு. கல்யாணப் பேச்சும் கடன் பேச்சும் அதன்மேல் ஏறி நின்றுதான் நடக்கும். ரோஸ்லின் மிஸ்ஸி என்ன செய்வாரென்றால், கட்டில் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டு, என்னையும் சேர்த்துக் கட்டிலை வார்டு நடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போவார். கருவி சத்தம் கொடுத்ததும் மருந்தைக் கொடுத்து, பழையபடி தள்ளிக்கொண்டு வந்து விடுவார். தினம் பல தடவை நான் தேர் மாதிரி வலம் வந்தேன். அவ்வளவு பொறுமையோ முதுகு பலமோ எல்லோருக்கும் இருக்காதே. கருவியில் ‘பிறகு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சோதனையைத் தாண்டிப் போகலாம். ஆளிடம் வாயால் கேட்டுக்கொண்டு மருந்தைக் கொடுத்துவிடலாம். இந்த மூலையைப் பற்றி நர்சுகள் பலமுறை மேலே சொல்லியிருந்தார்கள். வந்து பார்ப்பதாக மேலேயும் பலமுறை சொல்லியிருந்தார்கள்.

மாரிமுத்து அண்ணனுக்குக் குழாய் விடும் நாள் வந்தது. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று விடியலிலிருந்தே அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கையில் உப்புத் தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் கூப்பிட வேண்டியவர்களுக்கு வேறு அவசரம் வந்துவிட்டது. மத்தியானம் நெருங்கிவிட்டது. வெயிலில் அவர் முகம் வாடிக் கிடந்தது.

அதே சமயம் என்னைக் காலுக்கு மருந்து கட்டக் கூப்பிட்டார்கள். செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டுவார்கள், நேரமாகும். ரோஸ்லின் மிஸ்ஸியும் அந்த வேலைக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் ஏறுமுன் மாரிமுத்து அண்ணனிடம், நான் வரும்வரை என் கட்டிலில் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் என்றேன். அவர் தயங்கினார். கிராணி கட்டிலில் தான் எப்படி உட்காருவது என்பது அவர் கவலை. நான் வற்புறுத்தினேன். என் குரலில் கொஞ்சம் ஆபீஸ் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உடனே, சொட்டு மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தார்.

நான் போன பிறகு நடந்ததைப் பிறகுதான் சேர்த்து வைத்துப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு ஆள் குறைவென்று வேறு வார்டிலிருந்து நூருல் என்ற இளம் மலாய் நர்சை அனுப்பியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய என் இன்சுலினை எடுத்துக்கொண்டு அவர் வந்தார். கருவி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. கட்டிலை இழுக்கும் வித்தை அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் பல பேருக்கு ஊசி பாக்கி. ‘பிறகு’ பொத்தானை அழுத்தினார். கட்டில் எண்ணைப் பார்த்தார், சரியாக இருந்தது. என் பெயரைச் சொல்லி, சிவநேசன்தானே என்று மலாயில் கேட்டார். மாரிமுத்து அண்ணன் ஆமாம் என்றார்.

நான் திரும்பி வந்தபோது அவர் என் தலையணையில் சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. என்னைப் பார்த்து வெறுமனே சிரித்தார். இங்கேதான் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஃபேனுக்குக் கீழேயே இப்படி வேர்த்தால் உங்களை ஐஸ் பெட்டியில்தான் வைக்கணும் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். நாற்காலி தள்ளிய ஆளும் சிரித்தார். நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் கொஞ்ச நேரம் போய்விட்டது.

அப்போதுதான் அவர் குழறியபடி சொன்னார். “உங்களுக்கு ஊசி வந்துச்சு கிராணி. நீங்க இல்ல. நான் வாங்கிக்கிட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரன் இல்லாதபோது வந்த பார்சலை வாங்கி வைத்த மாதிரி சொன்னார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ரோஸ்லின் மிஸ்ஸி ஓடி வந்து அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மீட்டரில் வைத்தார். மீட்டரில் எண்ணே வரவில்லை. மிகக் குறைவு என்ற எழுத்துதான் வந்தது. இன்சுலின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இறக்குகிற மருந்து. சர்க்கரை அதிகமுள்ள எனக்கு, என் பெருத்த உடம்புக்கு அளந்து வைத்த அளவு அது. சர்க்கரை வியாதியே இல்லாத, காலையிலிருந்து பட்டினி கிடந்த, என்னில் பாதியுள்ள ஒரு மனிதர் உடம்புக்குள் அது போயிருந்தது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கினால் முதலில் பட்டினி கிடப்பது மூளை. அவர் கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. திரையை இழுத்து மூடினார்கள். கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை நரம்பு வழியாக ஏற்றச் சொல்லும் குரல் கேட்டது. நான் நாற்காலியிலேயே, அவருடைய காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து யாரோ மடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அவரை நர்சுகளின் மேசைக்கு எதிரே இருக்கும் கட்டிலுக்கு மாற்றினார்கள். மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றார்கள். எவ்வளவு நேரம் மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் இருந்தது என்பதைப் பொறுத்து என்றார் டாக்டர். அந்த நேரத்தில் என் ஜோக்கின் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிராணிக்குக் கணக்கு வராமல் போனது அன்றுதான்.

சாயங்காலம் சரோஜா வந்தாள். கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர் ஒருவர் அவளை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டுப் போவார். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார். அன்று அதே லோரியில் மாரிமுத்து அண்ணனின் மகள் சாந்தியும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் வேலை உடுப்போடு அப்படியே ஏறி வந்துவிட்டாள், கையில் வெங்காயத்தாள் வாடையோடு. அவளிடம் என்ன சொல்வது? என் ஊசியை உன் அப்பா போட்டுக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். கட்டிலில் உட்காரச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. “அப்பா எப்பவும் அப்படித்தான் அங்கிள்,” என்றாள். சரோஜா எனக்காகக் கொண்டுவந்த ஃபிளாஸ்க் தேநீரை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். என்னிடம் வந்து மெதுவாக, “கால் மட்டும்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கட்டிலையாவது பேசாம வச்சிருக்கக் கூடாதா?” என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்திக்கொண்டால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் மாரிமுத்து அண்ணன் கண் விழித்தார். மகளை அடையாளம் தெரிந்தது. பேச்சு கொஞ்சம் இழுத்தது, பிறகு சரியானது. பழையபடி என் பக்கத்துக் கட்டிலுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அன்று என் காலிலிருந்த கோட்டைப் பார்க்க நான் மறந்துவிட்டேன்.

அன்றே விசாரணை. வார்டுத் தலைவியான சிஸ்டர் வந்தார். நூருல் பின்னால் நின்றார், முகம் வீங்கியிருந்தது. மாரிமுத்து அண்ணனுக்கு நான் மொழிபெயர்த்தேன், இந்த முறை தெரிந்ததை மட்டும். உங்கள் பெயரைக் கேட்டார்களா? ஆமாம். சிவநேசன் என்றா கேட்டார்கள்? ஆமாம். அது உங்கள் பெயர் இல்லை என்று தெரியுமா? ஆமாம். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். தெரிந்துமா ஆமாம் என்றீர்கள் என்று நானே கேட்டேன். அவர் என்னைத்தான் வினோதமாகப் பார்த்தார்.

“நீங்க கிராணி, உங்களுக்குத் தெரியாததா? பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஆள் இல்லைன்னா அன்னைக்குக் கூலி போச்சு. பக்கத்துல நிக்கிறவன்தானே குரல் குடுக்கணும். உங்களுக்குக் காலு சரியில்ல, ஊசி திரும்பிப் போயிடக் கூடாது. ஆள் இருக்குன்னு சொல்லத்தான் ஆமான்னேன். அதுக்குள்ள பொண்ணு போட்டிருச்சு. ஊசி போடுறப்ப மிஸ்ஸியத் தடுக்க முடியுமா?”

பெரட்டு என்பது எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வராதவனுக்காகப் பக்கத்து வரிசைக்காரன் குரலை மாற்றி ‘இருக்கேன்’ என்பான். ஒரே தொண்டை இரண்டு பேருக்குப் பேசுவது தெரியாத கிராணி கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், பின்னால் ஓடி வந்து சேர்ந்துவிடுவான் என்று நாங்களும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவோம். எங்கள் மலையில் அது தப்பே இல்லை. அந்த உதவியைத்தான் அவர் எனக்குச் செய்திருக்கிறார்.

இதை மலாயில் சிஸ்டருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அந்தப் பெண் கேட்டுத்தான் போட்டது, கேட்காமல் போடவில்லை, அதையும் எழுதச் சொல்லுங்கள் என்று மாரிமுத்து அண்ணன் என் கையைத் தட்டினார். நூருல் வெளியே போய்விட்டார். மூலையில் கருவி வேலை செய்யாததை நான் சொன்னேன். பலமுறை மேலே எழுதிவிட்டோம் என்று ரோஸ்லின் மிஸ்ஸி அழுத்தமாகச் சொன்னார். சாப்பாட்டு வேளை கழிவதற்குள் இரண்டு பேர் ஏணியோடு வந்து எங்கள் மூலைக் கூரையில், கருவிக்கு அலை அனுப்பும் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மாட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

வயிற்றுக்குள் குழாய் விட மறுபடி நாள் குறித்தார்கள். மாரிமுத்து அண்ணன் வேண்டாம் என்றார். நான் அன்றைக்குக் கேட்ட ‘இல்லை’ அப்போதுதான் அவர் வாயில் வந்தது. டாக்டர் சொன்னார், மகள் கெஞ்சினாள், சரோஜா ஒரு அதட்டல் போட்டுப் பார்த்தாள். இல்லை. வீட்டுக்குப் போகிறேன் என்றார். எல்லோரும் போன பிறகு என்னிடம் மட்டும், “எந்தப் பேருல எதை உள்ள விடுவாங்களோ கிராணி. நான் ஆமான்னு வேற சொல்லித் தொலைச்சிருவேன்,” என்றார். தன்னையே நம்பாத மனிதரிடம் யாரை நம்பச் சொல்வது? உள்ளே இரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது. நாளுக்கு நாள் அவர் முகம் வெளிறியது.

ரோஸ்லின் மிஸ்ஸி ஒன்று செய்தார். மருந்து வேளையில் வந்து, கருவியை மாரிமுத்து அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டார். “நீங்களே பாருங்க மாமா.” அவர் அதைப் புறாக்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார். தன் மணிக்கட்டில் காட்டினார். தன் மருந்துப் பாக்கெட்டில் காட்டினார். சின்னச் சத்தம், பச்சை. பிறகு என் பக்கம் திரும்பினார். என் மணிக்கட்டைக் கேட்டு வாங்கி அதில் காட்டினார், மறுபடி தன் பாக்கெட்டில். திரை சிவந்தது. ஊளை வார்டு முழுக்கக் கேட்டது. அவர் அசந்துபோனார். இன்னொரு தடவை செய்து பார்த்தார். அதே ஊளை. மூன்றாம் தடவைக்குள் வார்டில் தூங்கியவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். மிஸ்ஸி தடுக்கவில்லை.

கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “இது நம்மள மாதிரி இல்ல கிராணி. ஆள் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுது.”

அதற்குப் பிறகுதான் குழாய்க்கு ஒத்துக்கொண்டார். பார்த்ததில் வயிற்றில் ஒரு புண் இருந்தது. அதிலிருந்து சதைத் துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கோடு அழிந்துவிட்டது, கால் மெலிந்துவிட்டது, இருக்க வேண்டிய விரலெல்லாம் இருக்கின்றன. ஊசியை இப்போது நானே எனக்குப் போட்டுக்கொள்கிறேன். அவருடைய முடிவு மட்டும் இன்னும் வரவில்லை. சாந்தி போன் செய்யும்போதெல்லாம் சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

ஆனால் குழாய்க்கு அவரைக் கூட்டிக்கொண்டு போன காலையைச் சொல்லாமல் விட முடியாது. தள்ளுவண்டி வந்தது. நூருல்தான் வந்தார். தானே கேட்டு வந்தாராம். கருவியை மாரிமுத்து அண்ணன் மணிக்கட்டில் காட்டினார், பச்சை வந்தது. அதோடு போகலாம். போகவில்லை. கருவியைப் பையில் போட்டுவிட்டு, மலாயில் மெதுவாக, “பாக்சிக், உங்க பேரு என்ன?” என்றார். அவர்கள் பேச்சில் பாக்சிக் என்றால் மாமா.

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாது. மாரிமுத்து அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். பெயரைக் கூப்பிடுவது கிராணியின் வேலை. வாழ்நாளெல்லாம் அப்படித்தான் நடந்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வண்டி நகர்ந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தள்ளுகிற ஆள் காலை மாற்றி நின்றார். நூருல் அவசரப்படவில்லை.

“மாரிமுத்து,” என்றது ஒரு குரல். பனிக்குள் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படியான சத்தம். அதையடுத்து, யாரும் கேட்காமலேயே அப்பா பெயரையும் அதே சத்தத்தில் சொன்னார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஊசி வந்தது. ரோஸ்லின் மிஸ்ஸி கருவியை மணிக்கட்டில் காட்டிவிட்டு, புது வழக்கப்படி, “பேரு சொல்லுங்க அங்கிள்,” என்றார். காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தபடி சொன்னேன். மிஸ்ஸிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.